என் இடது செருப்புக்குள் நாலு வயர்

என் இடது கால் புண் ஆறி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அது எப்படி ஆறியது என்று வருகிறவர்களுக்குக் காட்ட, ஆஸ்பத்திரியில் கோடு கோடாகப் படம் போட்ட ஒரு தாளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆறுவதற்கு நான் எதைக் கொடுத்தேன் என்பது அந்தத் தாளில் இல்லை. அதை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சவரிராஜ். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தேன். வீடு விழுப்புரத்தில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். வீட்டில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும்தான்.

ஒரு நாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டாள்.

"காலுல என்னாங்க அது?"

குனிந்து பார்த்தேன். ஒரு ஆணி. செருப்பின் அடியில் ஏறி, தோலைத் துளைத்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில் குத்தி நின்றிருந்தது. எப்போது குத்தியது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஓடிய நாலு டிரிப்பில் எத்தனை டிரிப் அதன் மேல் நின்றேனோ. ஸ்டெல்லா உட்கார்ந்து அதைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது அவள் ஆணியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்கலியா?"

"இல்ல."

வலித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

மெடிக்கல் ஷாப் களிம்பு போட்டு இரண்டு மாதம் ஓட்டினேன். புண் மூடவில்லை. கடைசியில் டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் காலைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். பேன்ட்டை முட்டிவரை சுருட்டச் சொல்லி, கெண்டைக்காலில் வெளுத்திருந்த ஒரு திட்டைப் பஞ்சால் தொட்டார். தொட்டது எனக்குத் தெரியவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கவரில் போட்டு, நன்றாக ஒட்டிக் கொடுத்தார். கவர் மேல் எழுதியிருந்த ஆஸ்பத்திரியின் பெயரைப் படித்ததும் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரி திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. எங்கள் பஸ் அதன் வாசலில் நிற்கும். அங்கே இறங்குகிறவர்கள் யார், எதற்காக இறங்குகிறார்கள் என்று பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு டிக்கெட் கொடுக்கும்போது, அவர்கள் விரல் என் மேல் படாமல் டிக்கெட்டின் நுனியைப் பிடித்துக் கொடுத்தவன் நான். பதினோரு வருஷம் அப்படித்தான் கொடுத்தேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றி எழுதினால் அது யோக்கியமில்லை.

லீவு போட்டுவிட்டு வேறொரு பஸ்ஸில் போனேன். ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே இறங்கி, அந்தப் புண் காலோடு புளியமரத்து நிழலிலேயே நடந்து போனேன்.

கூடத்தில் நீள நீளமாக பெஞ்சு போட்டிருந்தது. எல்லாரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகளுக்குள்ளேயே அப்படி. நானும் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். முதலில் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே வந்தார்கள். தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். வலது காலில் எல்லா இடத்தையும் காட்டினேன். இடது காலில் எப்போது தொடப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். "முடிஞ்சிடுச்சு, கண்ணத் தொறங்க" என்றார்கள். பிறகு காது மடலில் லேசாகக் கீறி, அந்த ஈரத்தைக் கண்ணாடியில் தடவி உள்ளே கொண்டுபோனார்கள்.

பெரிய டாக்டர் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"இது தொழுநோய்தான். பயப்படாதீங்க, காதுல எடுத்ததுல கிருமி இல்ல. உங்ககிட்டேயிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆறு மாசம் மருந்து. மாசத்துக்கு ஒரு தடவை செவப்பு மாத்திரையை எங்க கண்ணு முன்னாடி முழுங்கணும், வெள்ளை மாத்திரையை தினம் வீட்டுல. வியாதி போயிடும்."

"கால் பழையபடி ஆயிடுமாங்க?"

அவர் என் கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிக் காட்டினார். கயிறு மாதிரி தடித்து ஒன்று தட்டுப்பட்டது. "உள்ளங்காலுக்குப் போற நரம்பு இதுதான். வீங்கி, செத்துப் போச்சு. அது திரும்பாது. இனிமே அந்தக் காலுக்கு வலி தெரியாது. வலி தெரியாததாலதான் புண்ணு ஆறாது. நம்ம கால் வலிச்சா நாம தன்னால பாரத்தை மாத்தி வெப்போம். நீங்க வெக்க மாட்டீங்க. ஒரே எடத்துல அமுங்கிக்கினே இருக்கும்."

முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் வார்டில் வைத்தார்கள். கட்டுக்குள் பாரம் கால் முழுக்கப் பரவிவிடும், புண்ணின் மேல் மட்டும் அமுங்காது என்று சொன்னார்கள். மாவுக்கட்டைப் பார்த்ததும் ஸ்டெல்லாவுக்கு ஒரு பொய் கிடைத்தது. படிக்கட்டிலிருந்து விழுந்து எலும்பு முறிந்துவிட்டது, கடலூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று தெருவிலும் கோயிலிலும் பஸ் முதலாளியிடமும் சொல்லிவிட்டாள். பொய்யே சொல்லத் தெரியாதவள். பூசைக்குப் போனால் யாராவது, "கால் எப்படிம்மா இருக்குது?" என்று கேட்பார்களாம். ஒவ்வொரு தடவையும் ஒரு எலும்பின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு வந்து அழுவாளாம்.

வியாழக்கிழமை தோறும் வருவாள். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும், இல்லாவிட்டால் வேகவைத்த மல்லாட்டைக் கடலையும் கொண்டு வருவாள். என் கட்டிலில் உட்கார்ந்து என் தட்டிலேயே சாப்பிடுவாள். வேண்டாம் என்றால், "டாக்டரம்மா ஒட்டாதுன்னு சொன்னாங்க இல்ல? அப்புறம் என்னா" என்பாள். வார்டில் மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து வருகிறவர்கள் குறைவு. அவள் சாப்பிடுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், அந்தப் பெருமையே அசிங்கமாகவும் இருக்கும்.

கட்டைப் பிரித்தபோது புண் மூடியிருந்தது. மெத்தென்ற கறுப்பு ரப்பரில் அடிவைத்த செருப்பு ஒன்று கொடுத்தார்கள். அந்தச் செருப்பைப் பார்த்தாலே எங்கள் பக்கத்தில் வியாதியின் பெயர் சொல்லிவிடுவார்கள். ஸ்டெல்லா அதற்குப் பழுப்புத் தோலில் மேல்வார் மாற்றித் தைத்து வாங்கினாள். டியூட்டிக்குத் திரும்பினேன். டிரைவர் கண்ணன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷமும் அவர்தான் டிரைவர். மத்தியானம் திண்டிவனத்தில் அவர் டிபன் பாக்ஸும் என் டிபன் பாக்ஸும் ஒன்றாகத்தான் திறக்கும்.

ஏழாவது வாரம் அதே இடத்தில் மறுபடியும் புண்.

திரும்பக் கட்டு, திரும்ப லீவு, திரும்பப் பொய். ஆறியது. டியூட்டிக்குப் போனேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை போனபோது டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செருப்பு போடாம நடக்கறீங்க. உண்மையச் சொல்லுங்க."

"இல்லைங்கம்மா. கட்டில்லேருந்து எறங்கும்போதே போட்டுக்கறேன்."

"அப்படின்னா புண்ணு எப்படி வரும்? எங்க மருந்துலயா கோளாறு?"

மை தடவிய ரப்பர் பாய் மேல் நடக்கவிட்டுத் தாளில் கால் தடத்தை எடுத்தார்கள். பாரம் அதிகமான இடம் கறுப்பாக விழும். என் தடத்தில் கட்டைவிரல் மேடு கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். அதைக் காட்டி, "இவ்வளவு பாரத்துக்குப் புண்ணு வராது. நீங்கதான் ஏதோ மறைக்கறீங்க" என்றார். கேஸ் தாளில் ஆங்கிலத்தில் எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியும். சொன்னபடி கேட்காத நோயாளி என்று எழுதியிருந்தது.

அந்த வாரம்தான் பாஸ்கரன் வந்தார். மெட்ராஸில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். எங்கள் மாதிரி கால்களுக்காகப் பாரம் அளக்கிற ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தார். மாதம் இரண்டு தடவை வந்து வார்டில் ஆள் கேட்பார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை, சம்மதித்தேன்.

அவர் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதலில் காசு மாதிரி ஒரு இரும்பு வட்டத்தை எடுத்துக் காட்டினார். "பாரம் அளக்க இதுதான் சரியா இருக்கும். ஆனா இதைச் செருப்புல வெச்சு நடந்தீங்கன்னா, அளக்கறதுக்குள்ள இதுவே குத்திப் புண்ணாக்கிடும். உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதனாலதான் காலோட சேர்ந்து வளையற மாதிரி ஒண்ணு வேணும்." அடுத்து ஒரு ரப்பர் துண்டு. அட்டைக் கனம்கூட இல்லை. கரித்தூள் கலந்த ரப்பர். இரண்டு பக்கமும் செம்புத் தாள், அதற்கு மேல் வியர்வை படாமல் பிளாஸ்டிக் உறை. அமுக்கினால் உள்ளே கரித்துகள்கள் நெருங்கும், மின்சாரம் அதிகமாகப் போகும். எவ்வளவு போகிறதோ அவ்வளவு பாரம்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க சார்" என்றேன்.

"எங்க சார், இதுலயும் பேஜாருதான். சூடானா ஒரு கணக்கு சொல்லுது. அரை மணி நேரம் அமுங்கிக் கெடந்தா ரப்பர் அசந்து போய், அதே பாரத்தைக் கம்மியாக் காட்டுது. வயரு குதிகால் கிட்ட அறுந்து போகுது." அதனால் ஒவ்வொரு தடவையும் போடும் முன்னும் கழற்றிய பின்னும், கடை எடைக்கல்லை அதன் மேல் வைத்துச் சரிபார்ப்பார்.

குதிகால், கட்டைவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு, கட்டைவிரல் நுனி என்று நாலு துண்டு. நாலு வயர். நாலு வயரும் டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியில் போய்ச் சேரும். அதில் காகிதச் சுருள் ஓட, நாலு பேனா கோடு போடும். மாவுக்கட்டு போடும் முன்பே வராந்தாவில் இருபது தடவை நடந்தேன். நாலு கோடும் நல்ல பிள்ளையாக ஏறி இறங்கின. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நான் சொன்னேன் இல்ல" என்று போய்விட்டார்.

பாஸ்கரன் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"நான் எங்க சார் நடக்கறேன்? நின்னுக்கினு இருப்பேன். பஸ்ஸுல."

"எப்படி நிப்பீங்க?"

வராந்தாவிலேயே நின்று காட்டினேன். பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில், முதுகைக் கம்பியில் கொடுத்து, வலது காலை சீட்டுக்கடியில் நுழைத்து, இடது காலைப் படி விளிம்பில் அடித்திருக்கும் தகட்டில் ஊன்றி. இரண்டு கையும் டிக்கெட்டுக்கு வேண்டும். ஆகவே பிரேக் அடித்தால் பிடித்துக்கொள்வது இடது கால்தான்.

அவர் குனிந்து என் கால் ஊன்றியிருந்த விதத்தைப் பார்த்தார். "பஸ்ஸுலதான் அளக்கணும் சார்" என்றார்.

புண் ஆறி, கட்டுப் பிரித்து, நான் டியூட்டிக்குத் திரும்பிய பிறகு நாள் குறித்தோம். ஸ்டெல்லா வேண்டாம் என்றாள். "வெளிய தெரிஞ்சிடுங்க. வேற வழி இருக்கும், கேளுங்க" என்றாள். எனக்கு அந்தக் கேஸ் தாளில் எழுதியிருந்தது மனதில் குத்திக்கொண்டே இருந்தது. நான் பொய்யனில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதுதான் காரணம். கால் இரண்டாவது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி டிரிப். கூட்டம் இருக்காது என்று நினைத்தேன். மறுநாள் முகூர்த்தம் என்பது நினைவில் இல்லை. விழுப்புரத்திலேயே சீட் நிறைந்துவிட்டது. வயரைப் பேன்ட்டுக்குள் விட்டு இடுப்பு வழியாக எடுத்து, சட்டைக்குப் பின்னால் இறக்கியிருந்தோம். பாஸ்கரன் கடைசி சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணன் கேட்டதற்கு, "காலேஜ் ஆராய்ச்சி, பஸ் ஆட்டத்தை அளக்கறாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. கண்ணன் பிரேக்கை அழுத்தினார். மொத்த பஸ்ஸும் முன்னால் சாய்ந்தது. நான் வழக்கம்போல நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் பாஸ்கரன் எழுந்துவிட்டார்.

"சவரிராஜ், பேனா காகிதத்தைத் தாண்டிப் போயிடுச்சு. கட்டைவிரல் மேடு. நடக்கறதைப் போல நாலு மடங்கு. இதுதான் புண்ணு. செருப்புல இல்ல, இந்தத் தகட்டுலதான்."

அவர் முகம் முழுக்க சந்தோஷம். எனக்கும்தான். ஒரு நிமிஷம் நானும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

எழுந்தபோது பெட்டியின் மேல் போட்டிருந்த துண்டு நழுவிவிட்டது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆஸ்பத்திரியின் பெயர். பக்கத்தில், விக்கிரவாண்டியில் ஏறி இன்னும் டிக்கெட் வாங்காத ஒரு காய்கறிக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். தினமும் ஏறுகிறவர், என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், வயர் எங்கே போகிறது என்று என் இடுப்புவரை பார்த்தார்.

"தம்பி, உனக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் பாஸ்கரன் பதில் சொன்னார். நல்ல மனுஷன், மறைக்கத் தெரியாது. "அவருக்கு முழுசா கொணமாயிடுச்சும்மா. யாருக்கும் ஒட்டாது. காலுல உணர்ச்சி மட்டும்தான் இல்ல."

நான் டிக்கெட் கிழித்து நீட்டினேன். அந்த அம்மா சில்லறையை என் கையில் கொடுக்கவில்லை, சீட்டின் மேல் வைத்தார். டிக்கெட்டை நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. திண்டிவனம் வரை எல்லாரும் அப்படியே செய்தார்கள். அப்படிக் கொடுத்து வாங்குவதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் சாப்பாட்டு நேரம். கண்ணன் ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்கு இன்னிக்குப் பசிக்கல சவரி, நீ சாப்புடு" என்றார். மறுநாளும் அவருக்குப் பசிக்கவில்லை.

நாலாம் நாள் முதலாளி கூப்பிட்டார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோயிருந்தேன். நோய் இல்லை, பரவாது, எந்த வேலையும் செய்யலாம் என்று சீல் போட்டு எழுதியிருந்தது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொல்லி, குனிந்து படித்தார்.

"நான் நம்பறேம்பா. படிச்சவங்க எழுதியிருக்காங்க. ஆனா கூட்டம் அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கினு இருக்குது. அவங்களுக்கு நான் இந்தப் பேப்பரைப் படிச்சுக் காட்ட முடியுமா?"

"அப்போ நான் என்னா பண்றதுங்க?"

"ஷெட்டுல இரு. டயர் ரூமைப் பாத்துக்கோ. கேட்டைத் தொறந்து மூடு. உன்னைக் கைவிட மாட்டேன்."

கைவிடவில்லை, அது உண்மை. ஊருக்கு வெளியே இருக்கிற ஷெட்டில் ஒரு ஸ்டூலும் டம்ளரும் தனியாகக் கொடுத்தார்கள். டம்ளரில் என் பெயரின் முதல் எழுத்தை யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "வேலை இருக்குது இல்ல" என்று மட்டும் சொன்னாள். கோயிலில் அவள் உட்கார்ந்த வரிசையில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை, நானே போய்ப் பார்த்தேன்.

ஷெட்டில் படிக்கட்டு இல்லை, பிரேக் இல்லை. உட்கார்ந்தே வேலை. கால் திரும்பப் புண்ணாகவே இல்லை. டாக்டரம்மா தோலை அழுத்திப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, காரணத்தைக் கண்டுபிடிச்சோம், ஆறிடுச்சு" என்றார். பழைய கேஸ் தாளில் எழுதியதை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடித்தார். மன்னிப்பு கேட்கவில்லை. பாஸ்கரனின் காகிதச் சுருளில் கூட்டேரிப்பட்டு பிரேக் விழுந்த இடத்தை வெட்டிச் சுவரில் மாட்டினார்கள். அடியில் 'நோயாளி, வயது 38, பஸ் கண்டக்டர்' என்று எழுதியிருந்தது. அப்போது நான் கண்டக்டர் இல்லை.

போன மாதம் பாஸ்கரன் ஷெட்டுக்கே வந்தார். ரப்பரில் வேறு கலவை போட்டிருக்கிறாராம், இப்போது அசந்து போவதில்லையாம். சர்க்கரை வியாதிக்காரர்களின் கால், நாள்பட்டுப் படுத்திருப்பவர்களுக்கு இடுப்பில் வரும் படுக்கைப்புண், எல்லாவற்றுக்கும் இதே பொருள் உதவும் என்றார். முகையூர்ப் பக்கம் ஒரு கண்டக்டருக்கு என் மாதிரியே புண் வருகிறதாம். அவரை ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போகிறார்களாம். ஆளில்லாத பஸ்ஸில். எங்கள் முதலாளிதான் பஸ்ஸை இலவசமாகக் கொடுக்கிறார்.

"காலி பஸ்ஸுலயா?"

"ஆமா சார். பிரேக் போட்டா போதும், பாசஞ்சர் எதுக்கு? உங்க கேஸ்லதான் இந்த யோசனையே வந்துச்சு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஸ்டெல்லா அன்றைக்குக் கேட்கச் சொன்ன வேற வழி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை அந்த ஆள் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. காக்கிச் சட்டையில் பித்தளை பேட்ஜ் பளபளத்தது. வயரைப் பேன்ட்டுக்குள் மறைக்க வேண்டிய அவசியம் இல்லாததால் வெளியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணன்தான் டிரைவர். என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நானும் ஆட்டினேன்.

அந்த ஆள் படிக்கட்டில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார். "அண்ணே, வலிக்குமா?"

"வலிக்காது. அதான் வியாதி."

"வெளிய தெரியாதில்ல?"

"தெரியாது. ஷெட்டை விட்டு நேரா பைபாஸ் பக்கம் போய்ட்டு வந்துடுவாங்க."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

"நீங்களும் வர்றீங்களா அண்ணே? கூட ஒரு ஆள் இருந்தா தைரியமா இருக்கும்."

"இல்லப்பா. எனக்கு இங்கதான் வேலை" என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தேன். பஸ் வெளியே போனதும் மூடினேன்.